வடமாலபேட்டைப் படகுக்குப் புது பேனல்

டிசம்பர் 14, வெள்ளி

மூட்டம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. புயல் சின்னம் என்று டிவியில். திருப்பதிக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வ.பேட்டை போனேன். (வடமாலபேட்டை என்று ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுத முடியாது.)

படகின் இரண்டு சோலார் பேனலையும் மீட்டர் வைத்துப் பார்த்தது:
– இடது: செத்தது.
– வலது: உயிர் இருக்கிறது, தெம்பு இல்லை. மூட்டத்தைக் கழித்துப் பார்த்தாலும் பாதிகூட வரவில்லை.
– பின்பக்கப் பெட்டியைத் திறந்தால் ஒயர் முனையெல்லாம் பச்சைக் களிம்பு.

கண்ணாடி பேனல் அல்ல, அட்டை மாதிரி வளையும் ரகம். மேல் பிளாஸ்டிக் வெளுத்துப் பொடிப்பொடியாக வெடித்திருக்கிறது. ஒரு இடத்தில் தோசை தீய்ந்த மாதிரி பழுப்பு வட்டம். சூடு ஏறி உள்ளேயே எரிந்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் படகின் கூரையில் நேராகப் பசை தடவி ஒட்டிவிட்டார். அடியில் காற்றுப் போக வழி இல்லை. போதாததற்கு அதன் மேலேயே நடந்தும் இருக்கிறார். செருப்புத் தடம் இன்னும் தெரிகிறது.

மாற்ற வேண்டும். யோசிக்க ஒன்றும் இல்லை.

எதிர் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர்: "சாமி தெப்பமாம்மா? எந்தக் கோயிலுக்குப் போவுது?"

"கடலுக்குப் போவுது."

சிரித்தார். மாம்பழக் கூழ் ஆலையின் பழைய தகரக் கொட்டகை, பக்கத்தில் சென்னை நெடுஞ்சாலை, உள்ளே டிரெய்லர் மேல் ஒரு பாய்மரப் படகு. யாராக இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

டிசம்பர் 15, சனி

குளிர்காற்று. லாட்ஜ்காரர்கள் மூன்று பேர் போன். வைகுண்ட ஏகாதசி கூட்டம் வருகிறது, சோலார் ஹீட்டரில் வெந்நீர் வரவில்லை. வெயிலே இல்லாமல் வெந்நீருக்கு நான் எங்கே போவது.

சாயங்காலம் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அடுப்படியில் சாப்பாட்டுக்கு முந்தைய ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏகா. (என் வீட்டுக்காரர் ஏகாம்பரம்) ஹாலில் போனில் இருந்தார். அந்தப் பக்கம் அந்தோணி. மஸ்கட்டில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர், தூத்துக்குடிக்காரர். ஜனவரியில் படகைக் கடலில் இறக்கித் தெற்கே ஓட்டிப் போவதாகத் திட்டம், இரண்டு பேருக்குத்தான் இடம்.

"ஜனவரில லீவு போட்டுக்கினு வந்துடு அந்தோணி. அவகிட்ட நான் பேசிக்கிறேன். பேனலு சரியாவல, பிரிட்ஜு ஓடாதுன்னு சொன்னா அவளே வேணான்னுடுவா."

தட்டில் களியையும் கீரைக் குழம்பையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் வைத்தேன்.

"அவளே வேணான்னுட மாட்டா" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

"ஒட்டுக் கேட்டுக்கினா இருந்தே?"

"ஹால்ல இந்தக் கத்து கத்தினா தெருவுக்கே கேக்கும். இன்னாத்துக்கு என்னை வேணாங்கிறீங்க? நேரா சொல்லுங்க."

களியை உருட்டிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "உனக்கு மருந்து கெட்டுப் போச்சுன்னா நடுக்கடல்ல நான் இன்னா பண்றது சுமதி?"

நியாயமான கேள்விதான். இருபத்திரண்டு வயசில் எனக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்காத வகை. அன்றிலிருந்து இன்சுலின். கையில் இருக்கும் பேனா ஊசி வெளியே சில வாரம் தாங்கும். கையிருப்பு மருந்து குளிரில் இருந்தே ஆக வேண்டும். குளிர்ப்பெட்டிக்கு பேட்டரி. பேட்டரிக்கு பேனல். ஆகவே நான் கடலுக்குப் போவதும் போகாததும் அந்த இரண்டு அட்டைகளின் கையில்.

அப்படியானால் அட்டையை வைத்தே தீர்த்துக்கொள்வோம் என்றேன். புது பேனலை நான் தேர்ந்தெடுத்து மாட்டுவேன். படகு வெட்டவெளியில், பாய்மரம் ஏற்றி, நிஜமாக ஓடுகிற மாதிரி நிற்கும். ஒரு வாரம் குளிர்ப்பெட்டி எட்டு டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நான் வருவேன். தாண்டினால் அந்தோணி.

"ஆவட்டும்" என்றார். நான் தோற்பேன் என்று நினைத்துச் சொன்ன மாதிரி இருந்தது. திருப்பதியில் இன்வர்ட்டர், சோலார் கடை வைத்து நடத்துகிறவளிடம்.

டிசம்பர் 16, ஞாயிறு

தூறல். பலமனேரிலிருந்து அண்ணன் வந்தார், ஒரு பெட்டி தக்காளியோடு. யார் சொன்னார்களோ, விஷயம் தெரிந்திருக்கிறது.

"நம்ம சனத்துல எவனாச்சும் கடலுக்குப் போயிக்கிறானா? ஊசி போட்டுக்கினு வாழறவ நீ. உனக்கு இன்னா தலையெழுத்து?"

"அவரு மஸ்கட்டுக்குப் போனப்போ மட்டும் மால போட்டு அனுப்பினீங்களே ண்ணா."

"அது பொழப்பு. இது இன்னாது?"

இது என்ன? நாகலாபுரம் பக்கத்தில் எங்கள் இரண்டு வீட்டாருக்கும் நிலம் என்று ஒரு துண்டு வந்ததே நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான். அதற்கு முன் அடுத்தவர் வயல். ஏகா. மஸ்கட்டில் பதினோரு வருஷம் அடுத்தவர் படகுகளுக்கு ஃபைபர் நாரிழை பூசினார், பாய் தைத்தார். சனிக்கிழமைகளில் முதலாளிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். நான் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. போனில் சொல்வார், "எஞ்சினை நிறுத்திட்டு பாயை மட்டும் வுட்டா ஒரு சத்தமும் இருக்காது சுமதி. தண்ணி மட்டும் பேசும்." நானும் கேட்டுக்கொண்டே அடுத்த இன்வர்ட்டரைப் பிரிப்பேன். திரும்பி வந்த பிறகு சென்னைப் பக்கம் கார் கம்பெனி மேலாளர் ஒருவரின் படகைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது, உன்னைத் தவிர இதை யார் வைத்துக்கொள்வார் என்று இவரிடமே விட்டுப் போனார்.

அந்தச் சத்தமில்லாததை நானும் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதை அண்ணனிடம் சொன்னால் புரியாது. தக்காளித் தொக்கு செய்தேன்.

டிசம்பர் 17, திங்கள்

சித்தூர் போய் வந்தேன். பஸ்ஸில் எல்லோரும் காதைச் சுற்றித் துணி.

மொத்த வியாபாரி ஒருவர், முன்பே பழக்கம். வளையும் பேனல் மூன்று வகை காட்டினார். மூன்றிலும் ஒரே வாட் எழுதியிருக்கிறது. எடை வேறு, பின்பக்கம் வேறு, மேல் பிளாஸ்டிக் வேறு. ஒன்று கண்ணாடி மாதிரி வழவழ. ஒன்றில் கையை வைத்தால் சொரசொர, ஆரஞ்சுத் தோல் மாதிரி. அந்தச் சொரசொர ரகம்தான் வெயிலுக்கும் உப்புக்கும் தாங்கும் என்று படித்திருக்கிறேன்.

"இதுல எது கடலுக்குத் தாங்கும்?"

"மேடம், அன்னீ ஒகட்டே. பேருதான் வேற."

எல்லாம் ஒன்றே என்றால் எதற்கு மூன்று விலை? கேட்டேன். சிரித்தார். சொரசொர ரகத்தில் இரண்டு, பரீட்சைக்கு, ஒத்துவராவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். விலையும் பரவாயில்லை. அதுவே கொஞ்சம் உறுத்துகிறது.

டிசம்பர் 18, செவ்வாய்

ஏகாதசி. ஊர் கொள்ளாத கூட்டம். ஐந்து லாட்ஜ், எட்டுத் தடவை மாடி ஏற்றம். கால் வீக்கம். வேறொன்றும் எழுதத் தெம்பு இல்லை.

டிசம்பர் 19, புதன்

டாக்டரம்மாவிடம். படகு என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மருந்தை ஒரே இடத்துல வெக்காதீங்க. பாதி குளிர்ப்பெட்டியில, பாதி ஈர மண்பானையில. சர்க்கரை பாக்கற மிஷின் ரெண்டு. கூட வர்றவருக்கு எல்லாம் தெரியணும்."

கூட வருகிறவருக்குத் தெரியும். அதுதான் பிரச்சினையே.

பானை கடலின் ஈரக்காற்றில் அவ்வளவு குளிராது. இருந்தாலும் இருக்கட்டும்.

டிசம்பர் 20, வியாழன்

ஒருவழியாக வெயில்.

படகை டிராக்டர் வைத்துக் கொட்டகைக்கு வெளியே இழுத்தோம். பாய்மரம் ஏற்றினோம். நெடுஞ்சாலையில் இரண்டு பஸ் நின்று பார்த்துவிட்டுப் போயின. ஒருவர் இறங்கி வந்து சினிமா எடுக்கிறீர்களா என்று கேட்டார். கதாநாயகி எங்கே என்றார். ஏகா. என்னைக் காட்டினார். கிரீஸ் கையோடு நின்றேன்.

பேனல் மாட்டிய விதம்:
– பசை கிடையாது.
– பின்பக்கத் துணிக்கூரை மேல், ஓரக் கண்ணிகளில் கயிறு.
– அடியில் பொள்ளல் பிளாஸ்டிக் தட்டி. காற்று ஓட.
– இரண்டையும் வரிசையாகச் சேர்த்து, பேட்டரி சார்ஜுக்கு ஒரே கன்ட்ரோலர்.

குளிர்ப்பெட்டியில் காலி மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் வெப்பமானி. நிஜ மருந்தை வைத்துச் சூதாட முடியாது.

சாயங்காலம் நாலரை டிகிரி. ஏகா. பார்த்துவிட்டு மூடியைச் சாத்தினார்.

டிசம்பர் 23, ஞாயிறு

தோல்வி. அப்படியே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் போனால் பன்னிரண்டு டிகிரி. ஒரு பேனலின் மேல்தோல் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. நகத்தால் நெருடினால் அந்தச் சொரசொரப்பே உரிந்து வருகிறது. மேலே ஒட்டிய தாள் அது! உள்ளே அதே வழவழ மட்ட ரகம். மூன்றே நாள் வெயிலுக்கு, அதுவும் டிசம்பர் வெயிலுக்கு.

ஏகா.: "வுட்டுடு சுமதி. அந்தோணிக்குச் சொல்லிடறேன்."

"தோத்தது பேனலு. நான் இல்ல."

"நீதான ஒரு வாரம்னு சொன்னே?"

"சொன்னேன். நல்ல பேனல்ல ஒரு வாரம். இது பேனலே இல்ல, அட்டை."

அழுகை வந்தது. அவர் எதிரில் வேண்டாம் என்று ஸ்பானர் தேடுகிற மாதிரி படகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

டிசம்பர் 24, திங்கள்

மறுபடி சித்தூர். உப்பிய பேனலை வியாபாரி மேஜை மேல் போட்டு, தோலை உரித்துக் காட்டினேன். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். குரலை உயர்த்தவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டார். நல்ல சரக்கு வேண்டுமென்றால் சென்னை, பழக்கமில்லாத ஆளிடம் வாங்காதே, வெயிலில் மாட்டிக் காட்டச் சொல் என்று அவரே புத்தியும் சொன்னார்.

டிசம்பர் 27, வியாழன்

சென்னை. ஏகா. வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நாலு இடம். மூன்றில் அதே அட்டை, வேறு வேறு பெயர். நாலாவது ஒரு கிடங்கு, மீன்பிடிப் படகுகளுக்கு ரேடியோ, விளக்கு எல்லாம் விற்கிறவர்கள். நடத்துகிறது ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும். கேட்டதும் விற்க ஆரம்பிக்கவில்லை. திருப்பிக் கேட்டார்: எங்கே மாட்டப் போகிறீர்கள்? யாராவது மிதிப்பார்களா? பாயின் நிழல் விழுமா?

நிழல். அதை நான் யோசிக்கவே இல்லை. மொட்டை மாடியில் மாட்டியே பழகிய கை. மாடியில் பாய்மரம் ஏது.

மொட்டை வெயிலில் வைத்து மீட்டர் போட்டுக் காட்டினார். நான் ஒரு செல் மேல் உள்ளங்கையை வைத்தேன். மொத்தமும் சரிந்தது. கையை எடுத்தேன், ஏறியது. இரண்டு பெரியதற்குப் பதில் மூன்று சின்னது, ஒவ்வொன்றுக்கும் தனி கன்ட்ரோலர், ஒன்று நிழலில் மாட்டினாலும் மற்றது வேலை செய்யும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைச் சொன்னோம்.

பின்பக்கம் முழுக்கச் செம்புத் தகடு ஓடும் செல்கள். விரிசல் விட்டாலும் மின்சாரம் அறுந்து போகாது. மேல்தோலை நகத்தால், சாவியால், கடைசியில் அவர் கொடுத்த கத்தி முனையாலும் சுரண்டினேன். ஒட்டிய தாள் இல்லை. விலை சித்தூரை விட இரண்டு மடங்கு. என் வளையலைப் பார்த்துக்கொண்டேன், கழற்றி அடகு வைத்தேன். ஏகா.வுக்குச் சொல்லத் தேவையில்லை, என் வளையல்.

திரும்பும்போது சாயங்கால ரயில், பொதுப்பெட்டி. பேனல் மூன்றையும் சுவரோரம் நிறுத்தி அதன் முன்னால் நானே தடுப்பு. ஒரு பெரியவர் சாய இடம் தேடி வந்தார்.

"அதுல சாயாதீங்கய்யா, மடங்கிடும்."

"வளையிற சரக்குன்னு போட்டுக்கீது?"

"வளையும். மடங்காது."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். புத்தூர் வரைக்கும் விளக்கினேன். இறங்கும்போது, "பொம்பளைங்க சமாச்சாரம் மாதிரி கீதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா, என்னவென்று தெரியவில்லை.

டிசம்பர் 30, ஞாயிறு

நல்ல வெயில், வறண்ட காற்று.

காலையிலிருந்து மாட்டல். இரண்டு பேனல் துணிக்கூரை மேல். மூன்றாவது பின்பக்கக் கம்பியில், கீல் வைத்து, சூரியன் பக்கம் சாய்க்கிற மாதிரி. குளிர்ப்பெட்டி மூடியின் உள்பக்கம் தெர்மகோல் ஒட்டினேன். மூடி இடுக்கு வழியாகவே பாதிக் குளிர் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதை முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும்.

பதினொன்றரை வாக்கில் படகின் கூரை மேல் குந்தி ஒயர் இழுக்கும்போது கை நடுங்கியது. முதலில் வெயில் என்று நினைத்தேன். பிறகு நெற்றியில் அந்தப் பச்சைத்தண்ணீர் வியர்வை. தெரிந்துவிட்டது. காலை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தது தப்பு. அப்படியே உட்கார்ந்தேன். பாய்மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். சட்டைப்பையில் வெல்லக்கட்டி. வாயில் போட்டேன்.

கீழே இருந்து ஏகா. பார்த்துவிட்டார். ஏணியில் ஏறிய வேகத்தில் ஏணியே ஆடியது.

"சுமதி! சுமதி! இன்னா ஆச்சு?"

கையைக் காட்டி நிறுத்தினேன். பேச வரவில்லை. வெல்லம் கரைய நேரம் வேண்டும். அவர் ஏணியில் பாதியில் நின்றபடி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உலகம் நேரானது. மிஷினில் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கட்டி. பிறகு இறங்கி இரண்டு வாழைப்பழம்.

"கடல்ல இப்டி ஆனா?"

"இங்க ஆன மாதிரிதான். வெல்லம் துன்னுட்டு உக்காருவேன்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்ச ஒயரை நானே இழுத்தேன், உட்கார்ந்தபடி.

ஜனவரி 2, புதன்

காலையில் பனி. இரண்டு நாளாக வீட்டில் பேச்சு: உப்பு, பால், சாவி எங்கே.

இன்றைக்கு அவரே ஆரம்பித்தார். வண்டியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

மஸ்கட்டில் ஒரு தடவை முதலாளியோடு அவர் அம்மாவும் படகில் வந்தார்களாம். கரைக்குத் திரும்பும்போது காற்று ஏறியிருக்கிறது. அந்த அம்மா மயங்கி விழுந்துவிட்டார். முதலாளிக்குப் படகு ஓட்டத் தெரியாது. இவர் சுக்கானை விட்டால் படகு கவிழும். அந்த அம்மா தலை பலகையில் முட்டி முட்டி அடிபடுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சத்தம்.

"பிரிட்ஜு, பேனலு எல்லாம் சும்மா சொன்னது சுமதி. எனக்கு ரெண்டு கைதான் கீது. உன்னைப் புடிக்கறதா, படகைப் புடிக்கறதா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை எனக்குச் சொன்னதே இல்லை.

"அப்போ எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க. நாலு கை ஆவும்."

துணியைப் பிழிந்தார். மறுபடி துடைத்தார். துடைத்த இடத்தையே.

"உங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆவாதா? முதுகு புடிச்சுக்கினு நீங்க படுத்தா அப்போ யாரு கரைக்கு இட்டாறது? அந்தோணி வந்தாலும் உங்க ஊசி மருந்து மாத்திரை அவனுக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு எங்க ஊசி?"

"வேகமா பேசும்போது வந்துடுச்சு."

சிரித்தார். மூன்று நாளில் முதல் தடவை.

ஜனவரி 4, வெள்ளி

சோதனை வாரம் இன்று மறுபடி தொடங்கியது. மூன்று பேனல், மூன்று கன்ட்ரோலர்.

பாடமும் தொடங்கியது. டிரெய்லர் மேல் நிற்கும் படகில் சுக்கான் கட்டையைப் பிடித்து உட்கார்ந்தேன். சின்னப் பாயை ஏற்றினார். கடற்காற்றுக்குப் பதில் நெடுஞ்சாலை. பெரிய லாரி போகும்போதெல்லாம் பாய் உப்புகிறது. "இப்போ கயித்தை வுடு! வுடு! கட்டிப்புடிக்காத!" டீக்கடையில் எல்லோரும் எனக்கே சொல்லித் தருகிறார்கள், இடது வலது என்று. ஒருவருக்கும் தெரியாது.

ஜனவரி 7, திங்கள்

அடர்ந்த பனி, பத்து மணிக்குத்தான் சூரியன். சோதனைக்கு வேண்டிய நாள் இதுதான். பாயின் கீழ்க்கம்பு நிழல் ஒரு பேனல் மேல் முழுக்க விழுந்தது. அது சோர்ந்தது. மற்ற இரண்டும் சோரவில்லை. கம்பியில் இருப்பதைச் சாய்த்ததும் மீட்டர் முள் எழுந்து உட்கார்ந்தது. கை தட்டினேன், தனியாக.

குப்பித் தண்ணீர்: ஆறு.

கடையில் ஒரு யுபிஎஸ் திரும்பி வந்தது. உள்ளே செத்த பல்லி.

ஜனவரி 9, புதன்

நேற்றுப் பகல் முழுக்க மேகம். காலையில் ஏழரை! படகின் மற்ற விளக்கையெல்லாம் அணைத்தேன். பிறகு யோசித்து மறுபடி போட்டேன். கடலில் விளக்கை அணைத்துவிட்டா போகப் போகிறேன். ஏமாற்றிப் பாஸாக வேண்டாம். மத்தியானத்துக்குள் தானாகவே ஐந்துக்கு இறங்கியது.

ஜனவரி 11, வெள்ளி

முடிந்தது. ஒரு தடவைகூட எட்டைத் தொடவில்லை.

ஏகா.விடம் காட்டினேன். வெப்பமானியைப் பார்க்கவே இல்லை. "அந்தோணிகிட்ட நேத்தே சொல்லிட்டேன்" என்றார்.

"இன்னான்னு?"

"படகுல இடமில்ல, எம் பொண்டாட்டி வர்றான்னு. அவன் சிரிக்கிறான். அப்போ தூத்துக்குடிக்கு வந்து மீன்கொழம்பு துன்னுட்டுப் போங்கடான்றான்."

நேற்றே! அப்புறம் எதற்கு நான் விடியற்காலையில் எழுந்து வ.பேட்டைக்கு ஓடினேன். கோபம் வந்தது. சந்தோஷமும் அதே இடத்தில்தான் இருந்தது.

ஜனவரி 14, திங்கள்

போகி. தெருவெல்லாம் புகை. பழைய பேனல் இரண்டையும் கொளுத்தலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். பிளாஸ்டிக், விஷம். கடைச் சுவரில் மாட்டியாயிற்று, வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட.

நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நாகலாபுரத்திலிருந்து போன். அண்ணன் எல்லாம் சொல்லியிருக்கிறார். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"ஏம்மா, அந்தப் படகுல ஒதுங்க இடம் கீதா?"

"எதுக்கு நைனா?"

"பொம்பள ஒதுங்க இடமில்லாத எடத்துக்குப் போவாத. அது ஒண்ணு பாத்துக்கோ."

இருக்கிறது என்றேன். சரி போய்ட்டு வா என்றார்.

ஜனவரி 19, சனி

பழவேற்காடு. கடலோரக் காவல் போலீசில் பெயர், படகு, வழி எல்லாம் எழுதிக் கொடுத்தோம். ஏரியில் படகு இறங்கியது. மிதந்தது. இவ்வளவு நாள் அது மிதக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

ஏரியில் மூன்று மணி நேரம் நான் ஓட்டினேன். இரண்டு தடவை சேற்றில் தட்டினேன். மீன்காரர்கள் தள்ளிவிட்டார்கள். "காத்த பாரு தங்கச்சி, தண்ணிய பாக்காத" என்றார் ஒருவர். ஒரே வாக்கியத்தில் சுக்கான் புரிந்தது.

அதன் பிறகு ஏகா. எஞ்சினை நிறுத்தினார். பாய் மட்டும்.

அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஜனவரி 21, திங்கள்

பௌர்ணமி, பெருந்தண்ணி, கடல் ஏற்றம் அதிகம். காலையில் முகத்துவாரம் தாண்டினோம். இரண்டு அலை படகுக்குள்ளேயே வந்தன. பேனல் மூன்றும் உப்பில் குளித்தன. வாந்தி: நான் ஒரு தடவை, அவர் மூன்று தடவை. பதினோரு வருஷக் கடல்காரர்!

வாந்தி என்பதால் மருந்தைக் குறைத்து, மணிக்கொரு தடவை சோதித்தேன். சரியாக இருந்தது. அவரும் கேட்டுக் கேட்டு சர்க்கரை எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார், ஏலம் விடுகிற மாதிரி.

ஜனவரி 23, புதன்

விடிந்து வெகுநேரம். பின்னாலிருந்து வாடைக்காற்று, வெயில் சுத்தம். மகாபலிபுரத்துப் பாறை வலது பக்கம் தெரிந்து மறைந்தது. குளிர்ப்பெட்டி ஐந்து. பேனல் மேல் பறவை எச்சம், துடைத்தேன்.

ஏகா. அதிகாலையிலிருந்து சுக்கானில். கொஞ்சம் முன்னால் தானாகவே எழுந்தார். "நீ புடி. நான் கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று உள்ளே போனார். எப்படிப் பிடிக்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. இப்போது குறட்டை கேட்கிறது.

முழங்காலால் கட்டையை அணைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணல்.

ஒரு கட்டுமரம் பக்கத்தில் வந்தது. "எந்த ஊரு?"

"திருப்பதி!"

"திருப்பதியிலேர்ந்தா? தண்ணியிலயா?" வலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

காற்று கிழக்கே திரும்புகிறது. பாய் படபடக்கிறது. கயிற்றை இழுக்க வேண்டும். எழுப்பலாமா. வேண்டாம், நானே